"வீட்டை காலி பண்ணுங்க..." சில ஏரியாக்களில் மட்டும் இந்தக் குரல் அதிகம் கேட்பது ஏன்?

கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கி, நாமக்கல் வந்து, அங்கிருந்து சென்னைக்கோ கோவைக்கோ திருப்பூருக்கோ வேலைக்குப் போகும் ஒருவர் முதலில் தேடுவது ஒரு வாடகை ரூம். அட்வான்ஸ் கையில் குறைவு. ஊரில் தெரிந்தவர் யாராவது ஏற்கனவே குடியிருக்கும் தெருவிலேயே இடம் பார்ப்பார். பெரும்பாலும் எழுத்தில் ஒப்பந்தம் எதுவும் இருக்காது. மாதம் பிறந்தால் வாடகை, அவ்வளவுதான்.

திடீரென ஒருநாள் "அடுத்த மாசம் காலி பண்ணிடுங்க" என்று சொன்னால்? அவர் மட்டும் கிளம்ப மாட்டார். பல நேரங்களில் அந்த வரிசை வீடுகள் முழுவதும், சில நேரங்களில் அந்தக் குடியிருப்பே மொத்தமாகக் கிளம்ப வேண்டியிருக்கும். அதே ஊரில் இன்னொரு பகுதியில் 20 வருடமாக யாரையும் யாரும் காலி செய்யச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

வீட்டைவிட்டு வெளியேற்றப்படுவது ஒரு நகரம் முழுக்க சமமாக நடப்பதில்லை. குறிப்பிட்ட சில இடங்களில் மட்டும் குவிகிறது. ஏன் அப்படி? சென்னையில் அந்த இடங்கள் எவை? வாடகைக்கு இருப்பவர் தன்னைக் காத்துக்கொள்ள என்ன வழி? விரிவாகப் பார்க்கலாம்.

*வெளியேற்றம் 'குவிகிறது' என்றால் என்ன?*

வாடகை கொடுக்க முடியாதவர்கள் எல்லா ஏரியாவிலும் இருப்பார்கள், அதனால் காலி செய்யச் சொல்வதும் எல்லா இடத்திலும் நடக்கும் என்றுதான் பொதுவாக நினைப்போம். இதைக் கணக்கெடுத்துப் பார்த்தவர்கள் கண்டது வேறு.

அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் இந்த விஷயத்தை ஆய்வு செய்தவர் சமூகவியலாளர் மேத்யூ டெஸ்மண்ட். அங்கே வாடகைக்கு இருப்பவர்களில் எட்டில் ஒருவருக்கும் மேல், இரண்டே வருடத்துக்குள் விருப்பமில்லாமல் வீடு மாற வேண்டியிருந்தது. அந்த நகர மக்கள்தொகையில் கறுப்பினப் பெண்கள் சுமார் 9 சதவீதம். ஆனால், நீதிமன்றம் மூலம் வெளியேற்றப்பட்ட வாடகைதாரர்களில் அவர்கள் சுமார் 30 சதவீதம். அதாவது வெளியேற்றம் குறிப்பிட்ட தெருக்களையும், குறிப்பிட்ட மக்களையும் தேடித் தேடிப் போகிறது. இதைப் பற்றி அவர் எழுதிய புத்தகத்துக்கு 2017-ல் புலிட்சர் பரிசு கிடைத்தது.

பிறகு அவர் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ஆய்வுக்குழு, அமெரிக்கா முழுவதற்கும் ஒரு வரைபடம் போட்டது. 2016-ல் மட்டும் சுமார் 9 லட்சம் வெளியேற்றத் தீர்ப்புகள். நார்த் சார்ல்ஸ்டன் என்ற நகரில், 100 வாடகை வீடுகளுக்கு 16-க்கும் மேல்.

இதைவிட முக்கியமான இன்னொரு தகவலும் மில்வாக்கி ஆய்வில் உண்டு. கட்டாயமாக வீடு மாறியவர்களில் நீதிமன்ற உத்தரவால் போனவர்கள் கால்வாசிப் பேர்தான். கிட்டத்தட்ட பாதிப் பேர் வாய்வார்த்தையாகச் சொல்லியே அனுப்பப்பட்டவர்கள். நீதிமன்றக் கணக்கை மட்டும் பார்த்தால், நடந்ததில் பெரும்பகுதி கண்ணிலேயே படாது. நம் ஊர் நிலைமையைப் புரிந்துகொள்ள இது ரொம்ப முக்கியம்.

*சென்னையில் எங்கே குவிகிறது?*

சென்னையில் கடந்த 25 வருடங்களில் வீடுகள் இடிக்கப்பட்டு, மக்கள் மொத்தமாக இடம் மாற்றப்பட்ட பகுதிகளை ஒரு வரைபடத்தில் புள்ளி வைத்துப் பாருங்கள். புள்ளிகள் கோடுகளாகச் சேரும். ஒரு கோடு கூவம் ஆறு. இன்னொன்று அடையாறு. மூன்றாவது பக்கிங்காம் கால்வாய்.

சில உதாரணங்கள்:

2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு, அடையாறு மற்றும் கூவம் கரைகளில் இருந்த ஆயிரக்கணக்கான குடும்பங்கள் நகருக்கு வெளியே அனுப்பப்பட்டன.

2019 இறுதியில், தீவுத்திடல் அருகே கூவம் கரையில் இருந்த சத்தியவாணி முத்து நகர் குடும்பங்கள் பெரும்பாக்கத்துக்கு மாற்றப்பட்டன.

2021 ஜூலையில், அரும்பாக்கம் ராதாகிருஷ்ணன் நகர் மக்கள் புளியந்தோப்பு கே.பி.பார்க் குடியிருப்புக்கு அனுப்பப்பட்டனர். அதுவும் கூவம் கரைதான்.

2022 மே மாதம், ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில் பக்கிங்காம் கால்வாய் ஓரத்தில் இருந்த வீடுகள் உச்சநீதிமன்ற உத்தரவின்படி இடிக்கப்பட்டன. அதை எதிர்த்து அங்கு வசித்த ஒருவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டது தமிழ்நாட்டையே உலுக்கியது. வெளியேற்றப்படும் குடும்பங்களுக்கு மந்தைவெளி, மயிலாப்பூர் பகுதிகளிலேயே வீடு தரப்படும் என அப்போதைய முதல்வர் மு.க.ஸ்டாலின் சட்டமன்றத்தில் அறிவித்தார்.

'அதே பகுதியிலேயே' என்ற வார்த்தைக்காகத்தான் அந்த மக்கள் போராடினார்கள். வீடு கிடைப்பது ஒரு விஷயம். அது எங்கே கிடைக்கிறது என்பது அதைவிடப் பெரிய விஷயம்.

*ஏன் ஆற்றோரம்?*

காரணம் நிலத்தின் வகை. வருவாய்த்துறை கணக்கில் ஆறு, கால்வாய், ஏரி சார்ந்த இடங்கள் நீர்நிலைப் புறம்போக்கு. இதற்குப் பட்டா கிடைக்காது. பட்டா இல்லாத இடத்தில் வாடகை குறைவு. கட்டுமானம், துறைமுகம், மார்க்கெட், வீட்டு வேலை எனத் தினக்கூலிக்குப் போகிறவர்களுக்கு வேலைக்குப் பக்கத்தில் கட்டுப்படியாகும் ஒரே இடம் அதுதான். பல குடும்பங்கள் இரண்டு, மூன்று தலைமுறையாக அங்கேயே இருந்தவை. கரண்ட் கனெக்‌ஷன், ரேஷன் கார்டு, வாக்காளர் அட்டை எல்லாம் அதே முகவரியில் இருக்கும். ஆனாலும் நிலம் அவர்களுடையது ஆகாது.

சட்டப் பாதுகாப்பு என்று ஒன்று உண்டு. 1971-ம் ஆண்டு தமிழ்நாடு குடிசைப் பகுதிகள் மேம்பாடு மற்றும் மாற்றுச் சட்டம். இதன் கீழ் ஒரு பகுதி அதிகாரப்பூர்வமாக அறிவிக்கப்பட்டால், அங்கே இருப்பவர்களை நினைத்தபடி வெளியேற்ற முடியாது. சென்னையில் 1971-ல் 1,202 பகுதிகள் இப்படி அறிவிக்கப்பட்டன. 1985-ல் மேலும் 17. அதன் பிறகு பல பத்தாண்டுகளுக்குப் பட்டியல் வளரவே இல்லை. நகரம் மட்டும் வளர்ந்தது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி சென்னை மாநகராட்சியில் சுமார் 29 சதவீதம் பேர் குடிசைப் பகுதிகளில் வசித்தார்கள். பட்டியலுக்குள் வந்த இடங்களுக்கு ஒரு கவசம் இருந்தது. வராத இடங்களில் வெளியேற்றம் குவிந்தது.

உச்சநீதிமன்றம் 2024 நவம்பர் 13-ல் வழங்கிய 'புல்டோசர்' தீர்ப்பு பலருக்கு ஞாபகம் இருக்கும். முன்கூட்டியே 15 நாள் நோட்டீஸ் கொடுக்காமல் வீட்டை இடிக்கக் கூடாது என்றது அந்தத் தீர்ப்பு. ஆனால் சாலை, நடைபாதை, ரயில் பாதை ஓரம், ஆறு, நீர்நிலை ஆகிய இடங்களில் உள்ள அனுமதியற்ற கட்டடங்களுக்கு இந்த வழிகாட்டுதல் பொருந்தாது என்றும் அதிலேயே சொல்லப்பட்டுள்ளது. சென்னையில் வெளியேற்றம் குவியும் இடங்கள் பெரும்பாலும் இந்த விதிவிலக்குக்குள்தான் வருகின்றன.

*போய்ச் சேரும் இடமும் ஒன்றேதான்*

வெளியேறும் இடம் மாதிரியே, போய்ச் சேரும் இடமும் குவிகிறது. 2000-க்குப் பிறகு பழைய மகாபலிபுரம் சாலையை ஒட்டி உருவான கண்ணகி நகர், சுனாமிக்குப் பிறகு வளர்ந்த செம்மஞ்சேரி, அதன் பின் வந்த பெரும்பாக்கம். கண்ணகி நகரில் 15,000-க்கும் மேல், பெரும்பாக்கத்தில் 20,000-க்கும் மேல், செம்மஞ்சேரியில் 6,000-க்கும் மேல் குடியிருப்புகள். நகரின் பல மூலைகளில் இருந்து கிளம்பியவர்கள் தெற்கு ஓரத்தில் ஒரே இடத்தில் இறக்கப்பட்டார்கள். மத்திய சென்னையில் இருந்து இவை 20 கிலோமீட்டருக்கும் மேல்.

இதனால் என்ன ஆகிறது? மயிலாப்பூரிலோ நுங்கம்பாக்கத்திலோ நாலு வீட்டில் வேலை பார்த்த பெண், விடிவதற்குள் பஸ் பிடிக்க வேண்டும். இல்லையென்றால் வேலையை விட வேண்டும். பள்ளி ஆண்டின் நடுவில் இடம் மாறிய பிள்ளைகளில் சிலர் படிப்பையே நிறுத்துகிறார்கள். 'கண்ணகி நகர்' என்று முகவரி சொன்னால் வேலை கிடைக்காது என்பதற்காக வேறு ஏரியா பெயரைச் சொல்லும் இளைஞர்கள் இருக்கிறார்கள்.

வருமானம் குறைந்ததால் சிலர் பழைய ஏரியாவுக்கே திரும்பி, அங்கே வாடகைக்கு வீடு எடுக்கிறார்கள். அதாவது பழைய இடத்தில் சொந்தக் குடிசையில் இருந்தவர், இப்போது அதே பகுதியில் ஒப்பந்தம் இல்லாத வாடகைதாரர். அடுத்த வெளியேற்றத்துக்கு அவர்தான் முதல் ஆள்.

*இடிக்காமலே நடக்கும் வெளியேற்றம்*

ஆற்றோர இடிப்பு டிவியில் வரும். ஹவுஸ் ஓனர் காலி செய்யச் சொல்வது வராது. ஆனால் இதுவும் குவியலாகத்தான் நடக்கிறது. அதற்கு மூன்று காரணங்கள்.

முதலாவது, ஒரே முடிவு, பல குடும்பம். சென்னையில் ஒண்டுக்குடித்தனம், ஸ்டோர் வீடு என்பார்கள். கொங்குப் பகுதியில் லைன் வீடு. ஒரே காம்பவுண்டில் எட்டு, பத்து குடும்பங்கள், ஒரே உரிமையாளர். அந்த இடத்தை பில்டரிடம் கொடுத்து ஃபிளாட் கட்ட அவர் முடிவு செய்தால், ஒரே மாதத்தில் பத்துக் குடும்பமும் வெளியே. மெட்ரோ ரயில், புது மேம்பாலம், ஐ.டி. பூங்கா என ஒரு ஏரியாவின் நில மதிப்பு ஏறும்போது, இந்த முடிவைப் பல உரிமையாளர்கள் ஒரே காலத்தில் எடுக்கிறார்கள்.

இரண்டாவது, பழைய அரசு அடுக்குமாடிக் குடியிருப்புகள். வாரியத்தின் பழைய பிளாக்குகளை இடித்துப் புதிதாகக் கட்டும்போது, அங்கிருப்பவர்கள் கட்டி முடிக்கும் வரை வெளியே தங்க வேண்டும். இதற்கான கருணைத் தொகை 8,000 ரூபாயில் இருந்து 2021-ல் 24,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. நூற்றுக்கணக்கான குடும்பங்கள் ஒரே நேரத்தில் பக்கத்துத் தெருக்களில் வீடு தேடினால் அங்கே வாடகை ஏறும். ஏற்கனவே அங்கே வாடகைக்கு இருப்பவருக்கும் நெருக்கடி. அந்தத் தொகையும் புது வீடும் ஒதுக்கீடு பெற்றவர் பெயரில்தான். அவரிடம் உள்வாடகைக்கு இருந்தவர் பெயர் எந்தப் பட்டியலிலும் இருக்காது.

மூன்றாவது, எல்லோருக்கும் எல்லாத் தெருவிலும் வீடு கிடைப்பதில்லை. 'சைவம் மட்டும்', 'பேச்சிலர்களுக்கு இல்லை' என்ற போர்டுகளை எல்லோரும் பார்த்திருப்போம். சாதி, மதம் கேட்டு வீடு மறுப்பது போர்டு இல்லாமலே நடக்கும். இதனால் ஓர் இடத்தில் இருந்து காலி செய்தவர், தன்னை ஏற்றுக்கொள்ளும் ஒன்றிரண்டு தெருக்களுக்குத்தான் போக முடியும். அங்கேயும் அட்வான்ஸ் குறைவு, ஒப்பந்தம் கிடையாது. குவியல் மறுபடி அங்கே ஆரம்பிக்கும்.

*கொழும்பில் நடந்தது என்ன?*

வாடகைக்குத் தங்கியிருப்பவர்கள் எவ்வளவு எளிதாக ஏரியா வாரியாக அள்ளப்படலாம் என்பதற்கு, தமிழர்கள் மறக்க முடியாத சம்பவம் ஒன்று உண்டு. 2007 ஜூன் 7. இலங்கையில் போர் நடந்துகொண்டிருந்த காலம். கொழும்பில் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை போன்ற பகுதிகளில் லாட்ஜுகளில் தங்கியிருந்த தமிழர்கள் அதிகாலையில் பஸ்களில் ஏற்றப்பட்டு வவுனியா, மட்டக்களப்பு, திருகோணமலைக்கு அனுப்பப்பட்டார்கள். எண்ணிக்கை 370-க்கும் மேல். பாதுகாப்பு என்று காரணம் சொல்லப்பட்டது. மறுநாளே இலங்கை உச்சநீதிமன்றம் இதற்கு இடைக்காலத் தடை விதித்தது.

லாட்ஜ் அறையில் தங்கியிருப்பவர் கையில் சொந்த முகவரி இல்லை. தமிழர்கள் தங்கும் லாட்ஜுகள் சில பகுதிகளிலேயே இருந்தன. அதனால் ஒரே இரவில் ஏரியா ஏரியாவாகச் சுற்றி வளைக்க முடிந்தது.

போர் முடிந்த பிறகும் கொழும்பில் வெளியேற்றம் தொடர்ந்தது. 2010 மே மாதம் கொம்பனித்தெருவில் மியூஸ் வீதி வீடுகள் இடிக்கப்பட்டன. பின்னர் நகரப் புத்தாக்கத் திட்டத்தில், தோட்டங்கள் எனப்படும் நெருக்கமான குடியிருப்புகளில் இருந்தவர்கள் தெமட்டகொடை போன்ற இடங்களில் உயரமான அடுக்குமாடிகளுக்கு மாற்றப்பட்டார்கள்.

*நம்மிடம் கணக்கு இருக்கிறதா?*

ஓரளவுக்குத்தான். அரசு நடவடிக்கையால் இடிக்கப்படும் வீடுகளை ஹவுசிங் அண்ட் லேண்ட் ரைட்ஸ் நெட்வொர்க் என்ற அமைப்பு தொகுக்கிறது. அதன் கணக்கில் 2022, 2023 ஆகிய இரண்டு வருடங்களில் இந்தியாவில் 1.5 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகள் இடிக்கப்பட்டு, 7 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வெளியேற்றப்பட்டார்கள்.

வாடகை வீட்டில் இருந்து அனுப்பப்பட்டவர்களுக்கு இப்படி ஒரு தொகுப்பு கிடையாது. இந்திய நகரங்களில் 27.5 சதவீதக் குடும்பங்கள் வாடகை வீட்டில் இருப்பதாக 2011 கணக்கெடுப்பு சொல்கிறது. அவர்களில் எத்தனை பேர், எந்தத் தெருவில் இருந்து, எந்தக் காரணத்தால் காலி செய்தார்கள் என்பது எங்கும் பதிவாவதில்லை. பதிவே இல்லாததால், மாற்று வீடோ நிவாரணமோ கேட்கும்போது காட்டுவதற்கு எதுவும் இல்லை.

*சட்டம் என்ன சொல்கிறது?*

தமிழ்நாட்டில் 1960-ம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குப் பதிலாக, 2017-ல் புதிய சட்டம் கொண்டுவரப்பட்டது. 2019 பிப்ரவரி 22 முதல் அது நடைமுறையில் உள்ளது. முக்கியமான அம்சங்கள்:

ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும்.

அட்வான்ஸுக்கு சட்டம் காட்டும் அளவு மூன்று மாத வாடகை. ஒப்பந்தத்தில் வேறு தொகைக்கு இருவரும் ஒப்புக்கொண்டால் அது மாறலாம். அதனால் கையெழுத்துக்கு முன் படித்துப் பார்க்க வேண்டும்.

உரிமையாளர் நினைத்த நேரத்தில் வெளியேற்ற முடியாது. வாடகை நீதிமன்றத்தில் மனு போட்டு, சட்டம் சொல்லும் காரணத்தைக் காட்ட வேண்டும். இரண்டு மாத வாடகை பாக்கி வைத்து, நோட்டீஸ் வந்து ஒரு மாதத்துக்குள்ளும் முழுதாகக் கட்டாமல் இருப்பது, அனுமதி இல்லாமல் உள்வாடகைக்கு விடுவது, வீட்டைத் தவறாகப் பயன்படுத்துவது, இடித்துக் கட்டுவது, சொந்தத் தேவை ஆகியவை அந்தக் காரணங்களில் சில.

காலி செய்ய வைப்பதற்காகத் தண்ணீர், கரண்ட் போன்ற அத்தியாவசிய சேவைகளை நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் வாடகை அதிகாரியிடம் புகார் செய்யலாம்.

இதில் ஒரு சிக்கலும் இருக்கிறது. எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் போடத் தவறியதையே காரணமாகக் காட்டி வெளியேற்றக் கோரவும் சட்டத்தில் இடம் உண்டு. ஒப்பந்தம் இல்லாமல் குடியிருப்பது யார்? லைன் வீட்டிலும், ஒண்டுக்குடித்தனத்திலும், உள்வாடகையிலும் இருப்பவர்கள்தான். காகிதம் இல்லாத தெருக்களில்தான் சட்டமும் பலவீனமாக நிற்கிறது.

*வாடகைக்கு இருப்பவர் என்ன செய்யலாம்?*

1. ஒரு பக்கமாக இருந்தாலும் ஒப்பந்தம் எழுத்தில் கேளுங்கள். உரிமையாளர் மறுத்தால், ஒப்பந்தம் போடத் தயார் என்று நீங்கள் கேட்டதற்கு வாட்ஸ்அப் மெசேஜ், கடிதம் என ஏதாவது ஓர் ஆதாரம் வைத்திருங்கள்.

2. வாடகையை முடிந்தவரை வங்கிக் கணக்கு அல்லது யுபிஐ வழியாகக் கொடுங்கள். கையில் கொடுத்தால் ரசீது அல்லது நோட்டில் கையெழுத்து வாங்குங்கள். அட்வான்ஸ் தொகைக்கும் இதேதான்.

3. ரேஷன் கார்டு, ஆதார், வாக்காளர் அட்டையில் முகவரியைத் தற்போது வசிக்கும் இடத்துக்கு மாற்றுங்கள். மறுகுடியமர்வுக் கணக்கெடுப்பு வந்தால், அந்த முகவரியில் இருந்ததை நிரூபிப்பது இவைதான்.

4. உங்கள் குடியிருப்பு 1971 சட்டத்தின் கீழ் அறிவிக்கப்பட்ட பகுதியா என்பதை தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்திடம் தகவல் அறியும் உரிமைச் சட்டம் மூலம் கேட்கலாம். குடிசை மாற்று வாரியம் என்று இருந்ததுதான் 2021-ல் இந்தப் பெயருக்கு மாறியது.

5. நோட்டீஸ் வந்தால் தேதியோடு பத்திரப்படுத்துங்கள். வாய்வார்த்தையாகச் சொன்னால் எழுத்தில் கேளுங்கள். பக்கத்து வீட்டாருக்கும் வந்திருக்கிறதா என்று பாருங்கள். பத்துப் பேருக்கு வந்திருந்தால், பத்துப் பேரும் சேர்ந்து மனு கொடுப்பது நல்லது.

6. வக்கீல் வைக்க வசதி இல்லையா? 15100 என்ற எண்ணில் இலவச சட்ட உதவி கேட்கலாம். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கு வருமான வரம்பே கிடையாது. கொல்லிமலையில் இருந்து வந்து நகரத்தில் வாடகைக்கு இருக்கும் மலையாளி பழங்குடி மக்களுக்கும் இது பொருந்தும். மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழுவை நேரிலும் அணுகலாம்.

*சுருக்கமாக...*

நிலத்துக்குப் பட்டா இல்லாத இடம், வாடகைக்கு ஒப்பந்தம் இல்லாத வீடு, வேறு எங்கும் வீடு கிடைக்காத மக்கள். இந்த மூன்றும் சேரும் தெருக்களில்தான் வெளியேற்றம் குவிகிறது. அந்தத் தெருக்கள் எவை என்று அங்கே குடியிருப்பவர்களுக்கு நன்றாகவே தெரியும். அரசின் கணக்கிலும் அவை ஏறினால்தான், அடுத்த முறை "காலி பண்ணுங்க" என்று சொல்லும் முன்பே "எங்கே போவார்கள்?" என்ற கேள்வியைக் கேட்க முடியும்.